ராடு மாற்றும் அந்த நேரம்: கடலோரப் பட்டறைகளில் வெல்டிங் ஷாக் ஏன் ஆளைக் கொல்கிறது?

"ஓல்டர் கரண்ட் ஒண்ணும் பண்ணாதுடா, மெயின்ல மட்டும் கை வச்சிடாத." நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த பாடம் இது. அவருக்கு அவருடைய மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது. ராடு என்பது உருகி இரும்பை ஒட்டவைக்கும் வெல்டிங் குச்சி, ஓல்டர் என்பது அந்த ராடைச் செருகிக் கையில் பிடிக்கும் பிடி. கடலூரிலோ புதுச்சேரியிலோ எந்த கிரில் பட்டறைக்குப் போனாலும் இன்றும் இதே பேச்சைக் கேட்கலாம். இருபது வருஷத்துக்கு மேல் வெல்டிங் அடித்துப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் கடலோரத்துக்கு இந்தப் பாடம் பொருந்தவே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதை ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் அப்புறம் ஈரக்கையோடு ராடைத் தொட மாட்டார்கள்.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் கரையேற்றி வைத்திருந்த ஓர் இரும்புப் படகு. அதன் எஞ்சின் அறைக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். கத்திரி வெயில் காலம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. காலடியில் விரற்கடை அளவுக்கு உப்புத் தண்ணீர். பனியன் உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. கையுறை ஒரு மணி நேரத்திலேயே வியர்வையில் ஊறிவிட்டதால் கழற்றி மேலே போட்டுவிட்டேன். முதுகைப் படகுத் தகட்டில் சாய்த்துக்கொண்டு, எரிந்து முடிந்த ராடுத் துண்டை உருவி எறிந்துவிட்டு, புது ராடை வெறுங்கையால் ஓல்டரில் செருகினேன். சுர் என்று லேசாக வரும் என்று தெரியும். காலையிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. இந்த முறை சுர் வரவில்லை. விரல்கள் ராடைச் சுற்றி இறுகிக்கொண்டன. விடு என்று மனசு சொல்கிறது, கை கேட்கவில்லை. கத்தப் பார்த்தேன், மூச்சே வரவில்லை. கால் வழுக்கி நான் சரிந்ததில்தான் ராடு கையை விட்டுப் போனது. மேலே இருக்க வேண்டிய ஹெல்ப்பர் டீ வாங்கப் போயிருந்தான். போர்டில் எந்த சுவிட்சும் விழவில்லை. மெஷின் அதுபாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

காலையில் என்ன வோல்ட் தந்ததோ அதையேதான் அந்த மெஷின் அப்போதும் தந்தது. நடுவில் மாறியது என் தோல் மட்டும்தான்.

பட்டறையில் இருக்கும் பழைய வெல்டிங் மெஷின் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் அடிப்படையில் அது ஒரு டிரான்ஸ்பார்மர். சிங்கிள் பேஸ் என்றால் 230 வோல்ட், ரெண்டு பேஸ் எடுத்தால் 415 வோல்ட் ஒரு பக்கத்தில் உள்ளே போகிறது. மறுபக்கம், ஓல்டர் கேபிளுக்கும் நாம் எர்த் என்று சொல்லும் கேபிளுக்கும் நடுவே, வேலை நடக்காதபோது 70 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். ராடு இரும்பில் உரசி நெருப்பு பிடித்ததும் அது 20, 25 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ராடை எடுத்ததும் மறுபடி 80-க்கு ஏறிவிடும்.

வெல்டிங் ஓடும்போது ஓல்டர் பக்கம் இருப்பது வெறும் 25 வோல்ட். பொறி பறக்கும் அந்த நேரத்தைத்தான் எல்லோரும் ஆபத்து என்று நினைக்கிறார்கள். ஆனால் நிறுத்திவிட்டு ராடு மாற்றும்போது, ஜாப்பை, அதாவது வெல்டிங் ஆகும் இரும்பை, திருப்பிப் போடும்போது, நெற்றி வியர்வையைத் துடைக்கும்போதுதான் முழு வோல்ட்டும் ஓல்டரில் நிற்கிறது. பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கையும் அப்போதுதான் ராடின் மேல் இருக்கும்.

அடுத்து ஆம்பியர் விஷயம். "நூத்தம்பது ஆம்பியர் ஓடுது, அதைத் தொட்டே ஒண்ணும் ஆகலையே" என்று தைரியம் பேசுவார்கள். மெஷின் டயலில் வைக்கும் அந்த 150 ஆம்பியர் ராடு வழியாக இரும்புக்குள் போவது. உடம்புக்குள் எவ்வளவு போகும் என்பதை வோல்ட்டும் உடம்பின் தடையும் சேர்ந்துதான் முடிவு செய்யும். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான். உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ, காய்ந்த சட்டை எல்லாம் சேர்ந்து 40,000 ஓம் தடை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 வோல்ட்டை 40,000-ஆல் வகுத்தால் 2 மில்லி ஆம்பியர். அதுதான் காலையில் நான் உணர்ந்த சுர். கையுறை இல்லாமல், தோல் வியர்வையில் ஊறி, முதுகு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தால் தடை சுமார் 1,000 ஓமுக்கு வந்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டால் அதற்கும் கீழே போகலாம். இப்போது 80-ஐ 1,000-ஆல் வகுத்துப் பாருங்கள். 80 மில்லி ஆம்பியர்.

ஒரு மில்லி ஆம்பியர் வந்தாலே நமக்குத் தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத் தசைகள் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததை விட முடியாது. இன்னும் கூடினால் மார்புத் தசைகளும் இறுகி மூச்சு நிற்கும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஒன்றிரண்டு நொடி நெஞ்சு வழியாகப் போனால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். அப்படி நடுங்கும் இதயம் ரத்தத்தைத் தள்ளாது. 80 வோல்ட் இதற்குத் தாராளமாகப் போதும். அதனால்தான் "சும்மா சுர்னுதாண்ணே அடிக்குது" என்று ஒரு தம்பி சொன்னால் எனக்குப் பகீர் என்கிறது. எங்கோ ஓர் இடத்தில் தடுப்பு இல்லை என்பதைத்தான் அந்த சுர் சொல்கிறது. மத்தியானம் வியர்வை ஊற்றும்போதும் அதே இடம் அப்படியேதான் இருக்கும்.

டிசி மெஷினில் இதே வோல்ட்டுக்கு ஆபத்து கொஞ்சம் குறைவு. இதயத்தைக் குலைக்க ஏசியை விட டிசி அதிகம் தேவைப்படும். இப்போது எல்லோரும் தோளில் மாட்டிக்கொண்டு போகும் இன்வெர்டர் மெஷின்கள் பெரும்பாலும் டிசிதான். ஆனால் கையடக்கமாக இருப்பதாலேயே அதை மாடிக்கும், கழிவுநீர்த் தொட்டிக்கும், ஈரமான படகுக்குள்ளும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எண்ணெய் நிரப்பிய பழைய கனமான மெஷினை அங்கெல்லாம் கொண்டுபோக முடியாது. குறைந்த ஆபத்தை இப்படி ஈரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம்.

டிரிப் சுவிட்ச் காப்பாற்றாதா?

காப்பாற்றாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "இஎல்சிபி போட்டாச்சு, இனி பயமில்லை" என்று நம்பும் பட்டறைக்காரர்கள் நிறையப் பேர். வீடுகளில் போடும் இஎல்சிபி, ஆர்சிசிபி எல்லாம் ஒரே ஒரு கணக்கைத்தான் பார்க்கின்றன. பேஸ் வழியாகப் போன கரண்ட் முழுசும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் எங்கோ மண்ணுக்குள் கசிகிறது என்று பொருள், உடனே அணைத்துவிடும். நல்ல சாதனம்தான். ஆனால் வெல்டிங் மெஷினில் உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் வேறு வேறு. நடுவில் கம்பித் தொடர்பு கிடையாது, காந்தப்புலம் மட்டும்தான். ஓல்டருக்கும் ஜாப்புக்கும் நடுவில் நம் உடம்பு மாட்டிக்கொண்டால், மெயின் பக்கத்தில் போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாகவே இருக்கும். 80 வோல்ட்டை 80 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் ஆறரை வாட்கூட வராது. ஓர் ஆள் சாகும் நேரத்தில் மெஷின் ஒரு சின்ன எல்இடி பல்பு அளவுக்குத்தான் கூடுதலாக இழுக்கிறது. எந்த பியூஸ் போகும், எந்த எம்சிபி விழும்?

அதற்காக ஆர்சிசிபி வேண்டாம் என்று சொல்லவில்லை. மெயின் ஒயர் கிழிந்து மெஷின் உடம்பில் கரண்ட் ஏறுவதும் நம் ஊரில் அடிக்கடி நடப்பதுதான். வேலை நடக்கும் வீட்டுக்குப் போய், பிளக் இல்லாத ஒயரின் நுனியை உரித்து, சாக்கெட் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் மூன்றாவது ஒயர், பச்சை ஒயர், பெரும்பாலும் எதிலுமே சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்துக்கு ஆர்சிசிபி கண்டிப்பாக வேண்டும். ஓல்டர் பக்கத்துக்குக் காவல், உலர்ந்த கையுறையும் காலடியில் உலர்ந்த பலகையும்தான்.

சரி, வேறு காவலே கிடையாதா என்றால், ஒன்று உண்டு. ராடு இரும்பைத் தொடாத நேரத்தில் வோல்ட்டைத் தானாக இறக்கிவைக்கும் ஏற்பாடு. விஆர்டி என்று இன்வெர்டர் மெஷின் முகப்பில் எழுதியிருக்கும். சும்மா இருக்கும்போது வோல்ட் 35-க்குக் கீழே நிற்கும், ராடு உரசியதும் சட்டென்று ஏறும். சில மெஷின்களில் இதற்குத் தனி சுவிட்ச் இருக்கிறது. ராடு உடனே பற்றவில்லை என்று அதை அணைத்து வைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். புது மெஷின் வாங்கப் போகும்போது தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஈரமான, இரும்பு சூழ்ந்த இடங்களில் பயன்படுத்த ஏற்ற மெஷினில் சின்னக் கட்டத்துக்குள் எஸ் என்ற எழுத்து இருக்கும். சர்வதேசத் தரப்படி அப்படிப்பட்ட ஏசி மெஷினில் சும்மா இருக்கும் வோல்ட் 48-ஐத் தாண்டக் கூடாது. சாதாரண இடத்துக்கான ஏசி மெஷினுக்கு அந்த வரம்பு 80. ஊரிலேயே காயில் சுற்றிச் செய்து கொடுக்கும் பழைய மெஷின்களில் தகடே இருக்காது. ஒரு மல்டிமீட்டரை எடுத்து, ஓல்டருக்கும் எர்த் கிளாம்புக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எது சாதாரண இடம், எது ஈரமான இடம் என்பதில்தான் நம் ஊரைப் பற்றிய பேச்சு வருகிறது. ஆஸ்திரேலியாவின் வெல்டிங் பாதுகாப்புத் தரநிலை, ஈரமான இடங்களோடு 32 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள இடங்களையும் ஷாக் அபாயம் அதிகமான வகையில் சேர்க்கிறது. வியர்வையால் தோலின் தடை விழுந்துவிடும் என்பதுதான் காரணம். கடலூரில் 32 டிகிரிக்குக் கீழே இருக்கும் பகல்கள் வருஷத்தில் எத்தனை? மார்ச்சில் ஆரம்பித்து செப்டம்பர் வரை வெயிலும் கடற்காற்றின் ஈரமும். அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை மழை. தேவனாம்பட்டினத்திலோ அரியாங்குப்பத்திலோ காலை எட்டு மணிக்குச் சட்டை நனையாமல் வேலை பார்க்கும் ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். குளிர் நாட்டுக்காரன் தொட்டிக்குள் இறங்கும்போது மட்டும் எடுக்கும் ஜாக்கிரதையை நாம் வாசலில் கேட் அடிக்கும்போதே எடுக்க வேண்டியிருக்கிறது.

அதனால் என் கணக்கில் கையுறை ஒரு ஜோடி போதாது, இரண்டு வேண்டும். ஒன்று ஊறினால் அதை வெயிலில் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்ட வேண்டும். ஒரு பாக்கெட் ராடு வாங்கும் காசுக்குள் ஒரு ஜோடி தோல் கையுறை கிடைக்கிறது. ஹவாய் செருப்போடு வேலை பார்க்காதீர்கள், நனைந்த ஹவாய் செருப்பை நம்ப முடியாது, அது காலில் விழும் பொறியையும் தாங்காது. உட்கார்ந்து அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு காய்ந்த பிளைவுட் துண்டையோ ரப்பர் விரிப்பையோ போட்டு உட்காருங்கள். நைலான் கலந்த சட்டை வேண்டாம், பருத்திச் சட்டை முழுக்கை.

அப்புறம் நம் பழக்கங்கள். முகத்தை மறைக்கும் ஷீல்டை சரிசெய்ய இரண்டு கையும் வேண்டும் என்றால் ஓல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்கிறோம். உடம்பிலேயே ஈரமான இடம் அது, நெஞ்சுக்குப் பக்கத்திலும் இருக்கிறது. கேபிள் நீளமாக இருந்தால் தோளில் சுற்றிக்கொள்கிறோம். ஓல்டர் சூடானால் பக்கெட் தண்ணீரில் முக்கி எடுக்கிறோம். ஓல்டரின் பிளாஸ்டிக் தாடை உடைந்துபோன பிறகும் இன்சுலேஷன் டேப் சுற்றி ஆறு மாசம் ஓட்டுகிறோம். இவை ஒவ்வொன்றும் மேலே போட்ட கணக்கில் அந்த 40,000 ஓமை 1,000 ஆக்கும் வேலை.

படகு, ஷெட் மாதிரி பெரிய ஜாப்பில் இரண்டு மெஷின் வைத்து இருவர் அடிக்கும்போது இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு பேஸில் இருந்தாலோ, கேபிள் மாறி இணைக்கப்பட்டிருந்தாலோ, ஓர் ஓல்டருக்கும் மற்றதற்கும் நடுவே இரண்டு மெஷின்களின் வோல்ட்டும் கூடி 160 வரை வரலாம். கையெட்டும் தூரத்தில் இருவர் உட்காராதீர்கள். ஒருவர் ஓல்டரை இன்னொருவர் வாங்கவும் வேண்டாம்.

எர்த் என்ற சொல்லால் வரும் குழப்பம்

ஜாப்பில் மாட்டும் கிளாம்பை நாம் எல்லோரும் எர்த் என்கிறோம். இந்தப் பெயரால் நடக்கும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கேபிளின் வேலை மண்ணோடு சேர்ப்பது கிடையாது. ராடு வழியாகப் போன 150 ஆம்பியரையும் மெஷினுக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. திரும்பும் கேபிள் என்று சொன்னால்தான் சரி. உண்மையான எர்த் என்பது மெஷினின் இரும்புக் கூட்டிலிருந்து தரைக்குள் போகும் பச்சை ஒயர். "எர்த் மாட்டிட்டேன்ணே" என்று ஹெல்ப்பர் சொல்லும்போது அவன் கிளாம்பைச் சொல்கிறான், பச்சை ஒயரைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

பல பட்டறைகளில் கிளாம்பே இருக்காது. கேபிள் நுனியை உரித்து ஒரு கம்பித் துண்டில் முறுக்கி, அதை ஜாப் மேல் சும்மா கிடத்தியிருப்பார்கள். கொஞ்சம் நகர்ந்தால் அங்கேயும் பொறி பறக்கும். உப்புக் காற்றில் துருவேறிய இரும்பின் மேல் அப்படிப் போட்டால் பாதி நேரம் தொடர்பே இருக்காது. அப்போது அந்த 150 ஆம்பியர் வேறு வழி தேடும். ஒரு வீட்டில் மோட்டார் ஸ்டாண்டுக்கு வெல்டிங் அடிக்கிறோம், கிளாம்பை மட்டும் தூரத்தில் தூண் கம்பியில் மாட்டியிருக்கிறோம் என்று வையுங்கள். மோட்டாரின் எர்த் ஒயர், வீட்டின் எர்த் கம்பி என்று கிடைத்த வழியில் எல்லாம் அந்தக் கரண்ட் போகும். சில ஆம்பியர் தாங்கும் மெல்லிய பச்சை ஒயர் சுவருக்குள்ளேயே எரிந்து அறுந்துவிடும். நாம் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவோம். அந்த வீட்டுக்கு எர்த் போனது யாருக்கும் தெரியாது. ஆறு மாசம் கழித்து கிரைண்டரில் கரண்ட் கசியும்போது, மாவு அரைக்கும் அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஆகவே கிளாம்பை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, துருவையும் பெயிண்டையும் தேய்த்துவிட்டு, இறுக்கி மாட்டுங்கள். வண்டியில் அடிக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். பேரிங்கும் செயினும் கரண்ட் போகும் வழியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷினையும் உப்புக் காற்று சும்மா விடாது. டெர்மினல் போல்ட்டில் பச்சைப் பூசணம் பூத்திருக்கும். இன்வெர்டர் மெஷினின் மின்விசிறி, பக்கத்தில் கிரைண்டிங் போடும் இரும்புத்தூளை எல்லாம் உறிஞ்சிப் போர்டில் படியவைக்கும். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அன்றைக்கு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து காற்றடித்து, கேபிளை ஒரு முழம் ஒரு முழமாகத் தடவிப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதையும் பூஜையோடு சேர்த்துக்கொண்டால் நல்லது. கேபிளை மட்டுமாவது மாசம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

புயலுக்குப் பிந்தைய நாட்கள் தனி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு, கூரைத் தகடு பறக்காத ஷெட் இல்லை. கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டர் வைத்து ராப்பகலாக வெல்டிங் அடித்தோம். ஜனங்கள் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது "தகடு காயட்டும்" என்று சொல்ல மனசு வராது. ஆனாலும் ஈரத் தகட்டின் மேல் உட்கார்ந்து அடிப்பதை மட்டும் மறுத்துவிட வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறியபோது வெள்ளத்தில் மூழ்கிய மெஷின்களை இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஓட்டியவர்களும் உண்டு. வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே காயில் சுற்றுக்குள் ஈரம் நிற்கும். வைண்டிங் கடையில் சூடேற்றி உலர்த்தி, மெக்கர் (உள்ளே கரண்ட் கசியுமா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகுதான் அப்படிப்பட்ட மெஷினுக்கு கரண்ட் கொடுக்கலாம்.

கண்ணும் மூச்சும்

ஷாக்கை நொடியில் உணரலாம். கண் அப்படிக் கிடையாது. வெல்டிங் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல் தோலைச் சுட்டுவிடுகிறது. சுட்டது உடனே தெரியாது, 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சாயங்காலம் ஷீல்டு இல்லாமல் நாலு டேக் (இரும்பை இடத்தில் நிறுத்த வைக்கும் சின்ன வெல்டிங் பொட்டு) அடித்தவன் ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி எழுந்து உட்காருவான். "டேக்தானே, கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிடலாம்" என்பதுதான் பெரும்பாலும் காரணம். சின்னச் சின்ன டேக்குகளும் நாள் முழுக்கக் கூடிக்கொண்டே போகும்.

ராத்திரி நேரத்தில் வீட்டில் தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கை நறுக்கி வைப்பார்கள். காலையில் குறைந்த மாதிரி இருக்கும். அதனால் அந்த வைத்தியம் பலித்தது என்று நம்பிவிடுகிறோம். கருவிழியின் மேல் தோல் தானாகவே ஒன்றிரண்டு நாளில் வளர்ந்துவிடும் என்பதுதான் உண்மை. அதுவரை புண்ணாக இருக்கும் இடத்தில் சுத்தமில்லாத எதை விட்டாலும் கிருமி போய்ச் சேரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மரத்துப்போகும் சொட்டு மருந்து இதைவிடக் கெடுதல். வலி போய்விடும், புண் ஆறாது, திரும்பத் திரும்பப் போட்டால் கருவிழியே கெட்டுப்போகும். ஈரத்துணியைக் குளிர்ச்சியாகக் கண் மேல் வைத்துக்கொண்டு, விடிந்ததும் கண் மருத்துவரிடம் போங்கள். கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரும் தூரமில்லை. கண்ணில் இரும்புத்தூள் மாட்டியிருந்தாலும் அங்கேதான் தெரியும்.

கையால் பிடிக்கும் ஷீல்டோ தலையில் மாட்டும் ஹெல்மெட்டோ, கண்ணாடி எண் முக்கியம். 10 கேஜ், 12 கேஜ் தடிமன் உள்ள ராடுகளுக்கு 10-ஆம் எண் கண்ணாடி, அதற்கு மேல் கரண்ட் வைத்தால் 11. கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது. தானாகக் கருக்கும் நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கினால் டேக் பிரச்சினை தீர்ந்துவிடும். கருக்கும் முன்பு வெளிச்சமாக இருக்கும்போதும் அதன் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். பாதிக்கப்படுவது வெல்டர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜாப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பும் ஹெல்ப்பருக்கு எந்த ஷீல்டும் கிடையாது. ரோட்டோரம் கேட் அடிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கும். ஒரு தார்ப்பாயை மறைப்பாகக் கட்ட ஐந்து நிமிஷம் ஆகாது.

புகை விஷயத்தில் நம் கடலோரத்துக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. சாதா இரும்பை உப்புக்காற்று தின்றுவிடும் என்று இங்கே எல்லோரும் ஜிஐ பைப் கேட்கிறார்கள். ஜிஐ மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. இரும்பு உருகவே 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும், துத்தநாகமோ 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அதனால் ஜிஐ-யில் ராடு வைத்ததும் வெள்ளையாகப் புகை கிளம்புகிறது. அதை இழுத்தவனுக்கு அன்று சாயங்காலம் வாயில் ஒரு உலோகச் சுவை, அப்புறம் குளிர், நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. மழைக்காலத்தில் வந்தால் வைரஸ் காய்ச்சல் என்றே நினைப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டால் புகை இறங்கிவிடும் என்பது நம்பிக்கைதான். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலில் இருக்கிறது. அடிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மூன்று நாலு விரல் அகலத்துக்குப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு அடியுங்கள். எடுக்கும்போதும் தூசிக்கான முகக்கவசம் வேண்டும்.

சாதா இரும்பின் புகையும் நல்லதல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் சேர்த்தது. மத்தியானத்துக்கு மேல் நம்மூரில் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். காற்று பக்கவாட்டில் போகும்படி உட்கார்ந்தால் புகை முகத்துக்கு வராமல் விலகும். செலவில்லாத வழி. தொட்டிக்குள், படகின் அடித்தட்டில் இது நடக்காது, அங்கே ஊதும் மின்விசிறி வைத்தே ஆக வேண்டும். ஆர்கான் வாயு வைத்து அடிக்கும் வேலை என்றால் இன்னும் எச்சரிக்கை. ஆர்கான் காற்றை விடக் கனமானது, வாசனை கிடையாது, பள்ளத்தில் தேங்கி மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும்.

தீயைப் பற்றி இரண்டே விஷயம். பொறி 10 மீட்டர் தூரம்கூடப் போகும். கீற்றுக் கொட்டகையும் நைலான் வலையும் நம் ஊரில் எங்கும் பக்கத்திலேயே இருக்கும், ஆகவே முடித்த பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பாருங்கள். அடுத்தது, டீசலோ தின்னரோ இருந்த காலி டிரம்மில் வெல்டிங் அடிக்கவே அடிக்காதீர்கள். காலி என்று நாம் சொல்லும் டிரம்முக்குள் ஆவி நிரம்பியிருக்கும், முழு டிரம்மை விட அதுதான் வெடிக்கும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின். மெயின் தூரத்தில் இருந்தால் காய்ந்த கட்டையால் கேபிளைத் தள்ளுங்கள். 108-க்குச் சொல்லச் சொல்லிவிட்டு, மூச்சும் அசைவும் இல்லையென்றால் மார்பின் நடுவே இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். நான் அன்றைக்கு எடுக்கவில்லை. பயத்தை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, டீயைக் குடித்துவிட்டு மறுபடி உள்ளே இறங்கினேன்.

இப்போது செம்மண்டலத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பிக்கு இருபது வயது. தொட்டியோ படகோ, நான் உள்ளே இருந்தால் மெயின் சுவிட்சுக்குக் கையெட்டும் தூரத்தில் அவன் நிற்க வேண்டும், அவன் நகர்ந்தால் மெஷினில் கரண்ட் இருக்கக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். டீ வாங்கப் போகும்போது, "அண்ணே, அணைக்கிறேன்" என்று உள்ளே குனிந்து குரல் கொடுப்பான். நான் ஓல்டரைக் கீழே வைத்துவிட்டு "சரி" என்பேன். உறுமல் நின்றது எனக்குக் கேட்டதா என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் போவான்.